ஓராண்டுக்குப் பருப்பும் பயறும்: எதை, எப்போது, எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்?

துவரம் பருப்பு விலை ஏறியதாகச் செய்தி வரும்போதெல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் ஒரே யோசனைதான் எழும்: களத்தில் மலிவாகக் கிடைக்கும்போதே வருடத்துக்கும் வாங்கிப் போட்டுவிடலாமே! யோசனை சரிதான். ஆனால் தை மாதம் கட்டி வைத்த மூட்டையைச் சித்திரையில் அவிழ்த்தால் பாதி மாவும் மீதி வண்டுமாக இருப்பதும் இங்கே சகஜம். அடிப்படை தெரிந்துகொண்டு வாங்கினால் இந்த நட்டம் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

சிலருக்கு இன்னொரு தயக்கமும் உண்டு: வீட்டில் அதிகமாக வாங்கி வைப்பது பதுக்கலாகுமா? ஆகாது. 2024 ஜூனில் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மத்திய அரசு விதித்த இருப்பு வரம்பைப் பாருங்கள்: மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். இத்தகைய கட்டுப்பாடுகள் வணிகத்துக்கானவை. சொந்தச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை வாங்குபவரை அவை தொடுவதில்லை.

## முதலில் சில சொற்கள்

முழுப்பயறு: தோலோடு இருக்கும் விதை. கொள்ளு, மொச்சை, காராமணி, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, உடைக்காத துவரை, தோல் உளுந்து எல்லாம் இதில் அடங்கும்.

உடைத்த பருப்பு: தோல் நீக்கி இரண்டாகப் பிளந்தது. துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பாசிப் பருப்பு, மைசூர் பருப்பு.

பொட்டு, குருணை: பயறை உடைக்கும்போது கழியும் தோலும் தூளும் பொட்டு, நொறுங்கிய துண்டு குருணை. பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகப் போகிறது.

ஈரப்பதம்: 100 கிலோ பயறில் எத்தனை கிலோ தண்ணீர் என்ற கணக்கு. அரசு கொள்முதலில் துவரை, உளுந்து, பச்சைப்பயறுக்கு உச்ச வரம்பு 12 சதவீதம். வருடக் கணக்கில் வைக்க 10 சதவீதத்துக்குக் கொண்டுவருவது நல்லது.

## கடை விலைக்குள் என்ன இருக்கிறது

2025-26 பருவத்துக்குத் துவரையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8,000 ரூபாய். பச்சைப்பயறுக்கு 8,768, உளுந்துக்கு 7,800. அதாவது முழுத் துவரை கிலோ 80 ரூபாய். கடையில் துவரம் பருப்பு அதைவிட ஏன் இவ்வளவு கூடுதல் என்றால், முதல் காரணம் ஆலை.

நல்ல ஆலையில் 100 கிலோ துவரையை உடைத்தால் 70 கிலோவை ஒட்டிப் பருப்பு கிடைக்கும். 8,000 ரூபாயை 70 கிலோவால் வகுத்தால் கிலோ 114 ரூபாய். ஆலைக் கூலி, சாக்கு, லாரி வாடகை, மண்டி கமிஷன், கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல்தான். பொட்டும் குருணையும் விற்ற காசு ஆலைக்காரருக்குக் கொஞ்சம் ஈடுகட்டும்.

வீட்டிலேயே திருகையில் உடைத்தால் மிச்சமாகுமா? கல் திருகையில் 60 முதல் 65 கிலோதான் பருப்பாகத் தேறும். அப்போது அசல் விலையே 123 முதல் 133 ரூபாய். ஆகவே ஒரு எளிய அளவுகோல்: முழுத் துவரையின் விலையைப்போல் ஒன்றரை மடங்குக்குள் கடையில் பருப்பு கிடைத்தால், காசுக்காக வீட்டில் உடைக்க வேண்டியதில்லை. ருசிக்காக உடைப்பது வேறு விஷயம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத மிச்சம் இருக்கிறது. கொள்ளு, மொச்சை, காராமணி, பச்சைப்பயறு ஆகியவற்றை உடைக்காமலே சமைக்கிறோம். வாங்கிய 100 கிலோவும் சட்டிக்குப் போகிறது; ஆலைச் செலவும் இல்லை. சத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. துவரம் பருப்பு, கொள்ளு, காராமணி மூன்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 21 முதல் 22 கிராம் புரதம், மொச்சையில் 20, பாசிப் பருப்பிலும் மைசூர் பருப்பிலும் 24 வரை. துவரம் பருப்புக்குக் கொடுக்கும் கூடுதல் விலை அதன் ருசிக்கும் சாம்பாருக்கும் கொடுப்பது. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிச் சொல்லியே கொள்ளை மருந்துப் பட்டியலில் தள்ளிவிட்டோம். களியும் கொள்ளுக் கடைசலும் அன்றாடச் சாப்பாடாக இருக்கும் மாவட்டத்தில் அது தேவையில்லாத ஒதுக்கல்.

வரியும் ஒரு சிறு பங்கு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, பெயர் அச்சிட்டு அடைத்த பருப்புப் பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. மூட்டையை அவிழ்த்துச் சில்லறையாக அளந்து கொடுத்தால் வரி இல்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட ஒரே மூட்டைக்கும் இல்லை. 25 கிலோ அரிசி மூட்டை திடீரென 26 கிலோவானது இதனால்தான். நாலு வீடு சேர்ந்து 30 அல்லது 50 கிலோ மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் வரியோடு சில்லறை லாபமும் மிச்சம்.

## எந்த மாதம் எது மலியும்

விளைந்த பயறு சந்தைக்கு வருவதை வரத்து என்பார்கள். வரத்து உச்சத்தில் இருக்கும் ஐந்தாறு வாரம்தான் விலை இறங்கும்.

தை, மாசி: இரு மாவட்டத்துக்கும் இதுவே பெரிய காலம். ஆடிப் பட்டத்தில் விதைத்த துவரை, கேழ்வரகு நடுவே ஊடுபயிராகப் போட்ட அவரையும் மொச்சையும், புரட்டாசி ஐப்பசியில் விதைத்த கொள்ளு எல்லாம் அடுத்தடுத்துக் களத்துக்கு வருகின்றன. பனி விலகி வெயில் ஏறும் பருவம் என்பதால் பயறும் நன்றாகக் காய்ந்திருக்கும். கொள்ளில் பையூர் 1, பையூர் 2 என்ற ரகங்கள் காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. உள்ளூர் மானாவாரி நிலத்துக்கென்றே வந்த பயிர் இது.

புரட்டாசி, ஐப்பசி: ஆடியில் விதைத்த காராமணி, பச்சைப்பயறு, உளுந்து அறுவடை. விலை மலிவாகத் தெரியும். ஆனால் இது நமக்கு மழை மாதம். ஈரத்தோடு அடித்த பயறுதான் இந்தக் காலத்தில் அதிகம். ஒரு மாதத்துக்கு வாங்கலாம், வருடத்துக்கு வேண்டாம்.

பங்குனி, சித்திரை: மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தின் கொண்டைக்கடலை புது வரத்து, நம் டெல்டாவில் நெல்லுக்குப் பின் போட்ட உளுந்தும் பச்சைப்பயறும் அப்போதுதான். பச்சைப்பயறை ஐப்பசியில் வாங்குவதைவிட இதில் வாங்குவது பாதுகாப்பு.

துவரம் பருப்பு மட்டும் நம் ஊர் விளைச்சலைப் பார்த்து விலை போவதில்லை. கர்நாடகத்தின் கலபுரகி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர், அகோலா வட்டாரங்களில் மழை எப்படி என்பதும், மியான்மர், மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்து கப்பல் எப்போது வருகிறது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கலபுரகியில் மழை தவறினால், அரூரில் துவரை நன்றாக விளைந்திருந்தாலும் அரூர்க் கடையில் பருப்பு விலை ஏறும். 2015-ல் கிலோ 200 ரூபாயைத் தொட்டது அப்படித்தான். கொள்ளும் மொச்சையும் இந்த ஆட்டத்துக்கு வெளியே இருப்பவை. இங்கேயே விளைந்து சுற்றுவட்டாரத்திலேயே செலவாவதால் அவற்றின் விலையை நாம் முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

## எங்கே வாங்குவது

முதலில் நியாயவிலைக் கடை. 2007-ல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் அரிசி அட்டைக்கு மாதம் 1 கிலோ துவரம் பருப்பு அல்லது கனடா மஞ்சள் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதைவிட மலிவான பருப்பு வெளிச்சந்தையில் எங்கும் இல்லை. மஞ்சள் பருப்பு வந்த மாதத்தில் வாங்காமல் விடுபவர்கள் உண்டு. சாம்பாரில் குழையும், மணம் குறைவு, அவ்வளவுதான்.

முழுப்பயறுக்கு வாரச் சந்தையும் விவசாயியின் களமும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரை பக்கத்துச் சந்தைகளில் தை மாசியில் கொள்ளும் அவரைக்கொட்டையும் குவியல் குவியலாக வரும். சந்தையில் படிக் கணக்கு இன்னும் ஓடுகிறது. படி ஊருக்கு ஊர் மாறும், தலை தட்டுவதிலும் வித்தியாசம் வரும். ஒரு படியைத் தராசில் நிறுத்துக் கிலோ விலையாக மாற்றிய பிறகே பேரம் பேசுங்கள்.

50 கிலோவுக்கு மேல் என்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களைக் கேட்டுப் பார்க்கலாம். பல இடங்களில் கல் நீக்கித் தரம் பிரித்துத் தருகிறார்கள். வெளியூர்ச் சரக்கான கொண்டைக்கடலை, மைசூர் பருப்பு, ராஜ்மா போன்றவற்றுக்குச் சேலம் லீ பஜார் மொத்தக் கடைகள் தருமபுரிக்காரர்களுக்கும், பெங்களூரு யஷ்வந்த்பூர் மண்டி ஓசூர்க்காரர்களுக்கும் தோது. பத்து கிலோவுக்காகப் பேருந்தில் போய் வந்தால் போக்குவரத்திலேயே மிச்சம் கரைந்துவிடும்.

## மூட்டையை அவிழ்த்துப் பார்க்கும்போது

1. பல்லில் கடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்தது. பல் பதிந்து தடம் விழுந்தால் ஈரம்.

2. உப்புச் சோதனை. ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு பயறு, இரண்டு தேக்கரண்டி உலர்ந்த தூள் உப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். உப்பு புட்டிச் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே என்று மட்டும்தான் பொருள். வீட்டில் மறுபடி காயவைக்கத்தான் வேண்டும்.

3. வெள்ளைப் புள்ளியைத் தேடுங்கள். ஒரு கைப்பிடி முழுப்பயறை வெளிச்சத்தில் பரப்புங்கள். தோலின்மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது வண்டின் முட்டை. நூறு விதையில் நாலைந்துக்குமேல் இருந்தால் அந்த மூட்டை வேண்டாம். வட்டமான ஓட்டை இருந்தால் பேச்சே இல்லை.

4. மூட்டையின் அடியிலிருந்து மாதிரி எடுங்கள். மண்ணும் கல்லும் சொத்தையும் அடியில்தான் இறங்கும். ஒரு கிலோ எடுத்து முறத்தில் புடைத்து மறுபடி நிறுத்துங்கள்.

5. பளபளப்பை நம்ப வேண்டாம். உடைத்த பருப்பில் மினுமினுப்பு எண்ணெய்யோ நீரோ தடவி வருவது. வருடத்துக்கு வைக்கப் பாலிஷ் இல்லாததே நல்லது. எண்ணெய் தடவியது நாளாக நாளாகக் காறும்.

6. மஞ்சள் நிறம் கரைகிறதா? தண்ணீரில் போட்டதும் அடர்மஞ்சள் இறங்கினால் சாயம். மெட்டானில் மஞ்சள் என்ற தடைசெய்யப்பட்ட சாயம் அமிலம் பட்டால் இளஞ்சிவப்பாகும். துவரம் பருப்பு வட்டமாக இருக்கும். அதனிடையே சரிந்த முனையோடு ஆப்பு வடிவத் துண்டுகள் தெரிந்தால் கேசரிப் பருப்புக் கலப்படமாக இருக்கலாம். தொடர்ந்து சாப்பிட்டால் கால்கள் முடங்கும் என்பதால் அதன் விற்பனை 1961-லேயே தடைசெய்யப்பட்டது.

### மலிவு விலையும் நிஜ விலையும்

கிலோ 60 ரூபாய்க் கொள்ளு, 63 ரூபாய்க் கொள்ளு இரண்டும் எதிரே இருக்கின்றன. முதலாவதில் ஈரம் 15 சதவீதம், மண் 3 சதவீதம். இரண்டாவது சுத்தம், ஈரம் 10 சதவீதம்.

முதல் மூட்டையில் 100 கிலோவுக்கு மண் போக 97 கிலோ. அதில் தண்ணீர் நீங்கலான பொருள் 82.45 கிலோ. 10 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 91.6 கிலோவாக நிற்கும். 6,000 ரூபாயை 91.6-ஆல் வகுத்தால் கிலோ 65 ரூபாய் 50 காசு. மூன்று ரூபாய் மலிவாகத் தெரிந்தது இரண்டரை ரூபாய் கூடுதலாகிவிட்டது, புடைத்த கூலி தனி.

## வண்டு எங்கிருந்து வருகிறது

“மூடித்தானே வைத்தேன், எப்படி உள்ளே போச்சு?” என்று கேட்பார்கள். உள்ளே போகவில்லை, உள்ளேயிருந்து வந்தது.

பயறு வண்டு வயலிலேயே தொடங்குகிறது. காய் முற்றி வெடிக்கும் பருவத்தில் பெண் வண்டு காயின்மேலும், வெளியே தெரியும் விதையின்மேலும் முட்டையை ஒட்டிவைக்கிறது. ஐந்தாறு நாளில் முட்டை பொரிந்து, புழு முட்டையின் அடிப்பக்கமாகவே விதைக்குள் துளைத்து இறங்கிவிடும். வெளியே அடையாளமே இருக்காது. ஏறக்குறைய மூன்று வாரம் உள்ளேயே தின்று வளர்ந்து, கூடாகி, வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளிவருகிறது. வெயில் காலத்தில் முழுச் சுற்றும் ஒரு மாதத்துக்குள் முடியும். வெளிவந்த வண்டு எதையும் தின்பதில்லை. இரண்டு வாரத்துக்குள் முட்டையிட்டுச் செத்துப்போகும்.

ஒரு வண்டு 80 முட்டைவரை இடும். அதில் 50 பிழைத்து, பாதி பெண் என்று வைத்தால் முதல் மாதம் 25 தாய் வண்டு. இரண்டாம் மாதம் 625. மூன்றாம் மாதம் 15,625. நடப்பில் இதைவிடக் குறையும், இடமும் விதையும் போதாது. ஆனாலும் முதல் மாதம் கண்ணில் படாதது மூன்றாம் மாதம் மூட்டையையே மாவாக்குவது ஏன் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. ஆகவே அடைப்பதற்குமுன் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்ல வேண்டும், அல்லது அடைத்தபின் அதற்கு மூச்சுவிட வழியில்லாமல் செய்ய வேண்டும். வேப்பிலையைப் பரப்பி மூடி வைப்பது புதிதாக வரும் வண்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம். விதைக்குள் இருக்கும் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது.

உடைத்த பருப்பில் இந்த வண்டு குறைவு, முட்டையிட அதற்கு முழு விதை வேண்டும். அதற்காகப் பருப்பே நெடுநாள் தாங்கும் என்று முடிவு கட்டவேண்டாம். தோல் என்ற காப்பு போனபின் காற்றும் ஈரமும் நேரே பருப்பில் படும், மாவு வண்டுகள் வரும், மணம் குறையும். ஆறு மாதத்துக்குமேல் உடைத்த பருப்பை வைக்காமல் இருப்பதே நல்லது.

## காயவைத்து அடைக்கும் முறை

பங்குனி, சித்திரை வெயிலே இதற்கான முதலீடு. வேறு செலவு அதிகமில்லை.

1. புடைத்துச் சலிக்கவும். உடைந்த துண்டும் தூசியும் இருந்தால் ஈரத்தை இழுக்கும், மாவு வண்டுக்கும் இரையாகும்.

2. திறந்த காயவைப்பு. தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்குமேல் இல்லாமல் பரப்பி, காலை 10 முதல் மாலை 4 வரை, இரண்டு மூன்று நாள். மணிக்கொரு முறை கிளறவும். மாலையில் அள்ளி மூடவும். இரவுப் பனியில் விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி ஏறும்.

3. சூட்டில் புழுவைக் கொல்லுதல். வெறும் வெயிலில் பயறு 45 டிகிரியைத் தாண்டுவது அரிது. உள்ளிருக்கும் புழு அதில் சாகாது. கருப்பு பிளாஸ்டிக் தாளில் 2.5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, மேலே நிறமற்ற தாளைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்துங்கள். உச்சி வெயிலில் உள்ளே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரண்டு மணி நேரம் போதும், மறுநாளும் ஒருமுறை. இதைத் திறந்த காயவைப்புக்கு முன்னால் செய்தால் வெளியேறும் ஈரம் தாளின் அடியில் முத்து முத்தாகப் படிந்து மறுபடி பயறின்மேலேயே சொட்டும். விதைக்கு வைக்கும் பயறுக்கு இந்த முறை வேண்டாம், முளைப்பு குறையலாம்.

4. ஆறவிடவும். நிழலில் முழுதும் ஆறிய பிறகே அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் இரவில் டிரம்மின் சுவர் குளிர்ந்து உள்ளே வியர்க்கும். அந்த இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும்.

5. கலம். ஒரு லிட்டர் இடத்தில் ஏறக்குறைய 800 கிராம் பயறு கொள்ளும். 20 லிட்டர் டிரம்மில் 16 கிலோ, 2 லிட்டர் குளிர்பானப் புட்டியில் 1.6 கிலோ. கழுவி முழுக்கக் காயவைத்த குளிர்பானப் புட்டி கொள்ளுக்கும் பச்சைப்பயறுக்கும் அருமையான கலம்: திருகு மூடி காற்றை விடாது, ஒன்றில் வண்டு வந்தாலும் மற்றதற்குப் பரவாது, செலவும் இல்லை. கழுத்துவரை குலுக்கி நிரப்புங்கள். கோணிச் சாக்கு மட்டும் வேண்டாம். வண்டு அதன் இழைவழியே எளிதில் போய்வரும்.

6. தரையில் நேராக வைக்க வேண்டாம். பலகை அல்லது செங்கல்மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தகரக் கூரைக்குக் கீழுள்ள பரண் மோசமான இடம், அதன் காரணம் கீழே வருகிறது.

7. மாதம் ஒருமுறை பாருங்கள். புட்டியைத் திறக்கவே வேண்டாம்; வெளியிலிருந்தே அடியில் மாவு படிகிறதா என்று தெரியும்.

மூட்டைக் கணக்கில் வைப்பவர்களுக்கு மூன்று அடுக்குக் காற்றுப்புகாப் பைகள் உள்ளன: உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக், வெளியே நெய்த சாக்கு. கேமரூன் நாட்டில் காராமணியைக் காப்பாற்ற அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய முறை இது. பயறும் பூச்சியும் மூச்சுவிட்டு உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் வண்டு வளர்ச்சி நின்றுபோகிறது. ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் பயனில்லை. சூடமோ மெழுகுவத்தியோ கொளுத்தி உள்ளே வைத்து மூடினால் ஆக்சிஜன் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை: ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டி இறங்கியதும் சுடர் அணைந்துவிடும், வண்டுக்கு அது தாராளம்.

### எண்ணெய், செம்மண், மருந்து

விளக்கெண்ணெய்: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, சுமார் 5 மில்லி, கையால் பிசறித் தடவினால் முட்டையின் மூச்சுத் துளை அடைபட்டு முட்டை கெடும். விதைக்குள் போய்விட்ட புழுவைத் தொடாது. ஆகவே சூட்டில் வைத்து ஆறிய பிறகு தடவுவதுதான் முறை.

செம்மண் கட்டுதல்: துவரையை இரவு ஊறவைத்து, வடித்து, சலித்த செம்மண் குழம்பில் புரட்டிக் குவித்து மூடி, மறுநாளிலிருந்து மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைப்பது. உலர்ந்தபின் மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் உடைத்தால் தோல் சுலபமாகக் கழன்று, முழுப் பிளவாகப் பருப்பு கிடைக்கும். உடைக்காமல் வைத்தாலோ ஒட்டிய மண் படலத்தால் வண்டு முட்டையிட இடம் குறையும். ஒரே குறை, நீரில் ஊறிக் காய்ந்த பருப்பு வேக நேரம் கூடுதலாகும். மண் எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டத்து மண் உதவாது.

வறுத்து வைத்தல்: கொள்ளு, பச்சைப்பயறு இரண்டுக்கும் ஏற்றது. வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட்டால் முட்டை, புழு, ஈரம் எல்லாம் ஒரே வேலையில் தீரும். முளைகட்ட மட்டும் உதவாது.

செய்யக் கூடாதவை: போரிக் பவுடர் தூவுவது சில கடைகளில் வழக்கம், அது சாப்பாட்டுப் பொருளுக்கானதல்ல. வசம்புத் தூளை விதைப் பயறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு தூங்குபவர்களைக் கொன்றுவிடும்.

## பழைய பயறு ஏன் வேகாமல் நிற்கிறது

வண்டு வராமல் காத்தாலும் இன்னொரு நட்டம் உண்டு: இரண்டு விசில் கேட்ட மொச்சை ஏழெட்டு விசில் கேட்கும். கெட்டுப்போனதல்ல, இறுகிப்போனது. விதையின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருள் வெந்நீரில் கரைந்தால்தான் பயறு குழையும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் விதைக்குள் இருக்கும் பைட்டேட் என்ற வேதிப்பொருள் சிதைந்து, அது பிடித்து வைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டுப் பெக்டினோடு பிணைகின்றன. பிறகு அது கரைய மறுக்கிறது. தகரக் கூரைப் பரணை வேண்டாம் என்றது இதனால்தான். வீட்டிலேயே குளிர்ந்த, இருட்டான அறைதான் பயறுக்கு.

இரு மாவட்டத்திலும் தண்ணீரும் இதில் பங்கெடுக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பும் கடினமும். ஃபுளோரைடுக்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கடின நீரில் உள்ள கால்சியமும் பெக்டினை இறுக்கும். ஆகவே பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை ஒதுக்கிக்கொள்ளுங்கள், கிணற்று நீர் கழுவ மட்டும். ஒகேனக்கல் தண்ணீர் இல்லாத நாளில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சோடியம் தோலில் உள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை இளக்கும். புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகே. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை வேலை செய்யும், ஆனால் பி1 வைட்டமின் அழியும். ராஜ்மாவில் மட்டும் அரைவேக்காடு ஆபத்து: ஊறிய நீரைக் கொட்டி, குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதித்தாக வேண்டும்.

## நாலு பேர் வீட்டுக்கு எவ்வளவு

ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்றால் நாலு பேருக்கு 200 கிராம். மாதம் 6 கிலோ, ஆண்டுக்கு 72 கிலோ. இட்லி உளுந்து இதில் சேராது. ஒரு மாதிரிப் பங்கீடு:

- நியாயவிலைக் கடைப் பருப்பு: மாதம் 1 வீதம் 12 கிலோ
- வெளியில் வாங்கும் துவரம் பருப்பு: 12 கிலோ, மூன்று மாதத்துக்கு 3 கிலோவாக
- கொள்ளு 15 கிலோ, மொச்சையும் அவரைக்கொட்டையும் 10 கிலோ: மாசியில்
- பச்சைப்பயறு 10 கிலோ, கொண்டைக்கடலை 5 கிலோ: சித்திரையில்
- காராமணி 8 கிலோ: ஐப்பசிச் சரக்கை, மழை விட்டு நன்றாகக் காய்ந்தபின் தையில்

சேமித்து வைக்க வேண்டிய முழுப்பயறு 48 கிலோ. 60 லிட்டர் இடம், அதாவது மூன்று 20 லிட்டர் டிரம். ஒவ்வொன்றின்மேலும் பயறின் பெயரும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். மொச்சை சீக்கிரம் இறுகும் என்பதால் ஆவணிக்குள் தீர்ப்பது நல்லது. கொள்ளு அடுத்த மாசிவரை தாங்கும்.

நடுவில் ஒரு டிரம்மில் வண்டு தெரிந்தால் அன்றே வெளியே எடுத்து, காயவைக்கும் பகுதியில் மூன்றாம் எண்ணில் சொன்ன சூட்டு முறையை மறுபடி செய்யுங்கள். ஓட்டை விழுந்தவை தண்ணீரில் மிதக்கும். சமைக்கும்போது அவற்றை அரித்தெடுத்துக் கோழிக்குப் போடலாம். பச்சை, கருப்புப் பூஞ்சணம் படிந்து மக்கிய வாடை வந்த பயறு மட்டும் வேறு: கழுவினாலும் வறுத்தாலும் அதன் நஞ்சு போகாது. கோழிக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.